மைசூரில் நிற்கும் சென்னைக்காரி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும்.

மைசூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் கேட்டைப் பிடித்தபடி நிற்கிறேன். பஸ்ஸில் தூசி விழுந்து கணவரால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இணையதளத்தில் டோக்கன் போட்டால்தான் உள்ளே விடுவார்களாம். என்னுடையது தமிழ்நாட்டு சிம் என்பதாலோ என்னவோ, அது என்னைச் சென்னைக் கிளைக்கே அனுப்புகிறது. நான் சென்னையைப் பார்த்ததே இல்லை. இணையதளத்துக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் போல.

தமிழ் பேசும் காவலாளி, கர்நாடக எல்லையோரத் தமிழ் ஊரான மார்டள்ளிக்காரராம், தன் போனிலிருந்து நெட் கொடுக்கிறார். இப்போது பெங்களூரு என்கிறது.

“பரவால்லீங்கக்கா, மெட்ராஸ்ல இருந்து அதுக்குள்ள பெங்களூர் வந்துட்டீங்க. இன்னும் மூணு மணி நேரந்தான்.”

அன்று டோக்கன் கிடைக்கும் முன்பே ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். மறுநாள் காவலாளியே எங்கள் பெயரைச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்பினார். பத்து நிமிடத்தில் தூசியை எடுத்துவிட்டார்கள்.