அரை நிமிடத்தில் தூக்கிய ஊசி

மலாக்கா காஜா பெராங் சாலை இசைத்தட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி காதர் பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. "கேக்குறவனுக்கு அரை நிமிசம் போட்டுக் காட்டு தம்பி. அப்புறம் ஊசியத் தூக்கிடு. தேயுற ஊசி என்ன, உங்க அத்தா வீட்டுலேருந்தா வருது?"

நான் கெட்டிக்காரன். அரை நிமிடம் என்றால் இருபத்தைந்து நொடியிலேயே தூக்கிவிடுவேன். பாட்டுகளின் தொடக்கங்களில் என்னைவிடப் பெரிய பண்டிதன் அப்போது மலாக்காவில் கிடையாது. அவை எப்படி முடிகின்றன என்பதுதான் தெரியாது.

மலாயா சுதந்திரம் வாங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரெங்கும் கிட்டார் குழுக்கள். பாடல் வரி இல்லாத வெறும் வாத்திய இசைக்குத்தான் கிராக்கி. வரி இல்லாததை எப்படிக் கேட்டு வாங்குவது? கல்லாவின் முன் நின்று வாயால் வாசித்துக் காட்டுவார்கள். எச்சில் தெறிக்காத தூரத்தில் நிற்பதும் என் தொழில்திறமைகளில் ஒன்று.

ஒரு புதன்கிழமை, செங் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி முருகையா ஸ்பூல் டேப்போடு வந்தான். ஃபன்ஃபேர் பொருட்காட்சி மேடையில் சிங்கப்பூர்க் குழு ஒன்று வாசித்ததை அவன் நண்பன் பதிந்திருந்தான். சனிக்கிழமை டவுனில் கிட்டார் குழுக்களுக்குப் போட்டி. இதைத்தான் அவன் குழு வாசிக்கப்போகிறது.

"பேரு 'ரெட் ஸ்கூட்டர்'னு மைக்குல சொன்னாங்கண்ணே. நடுவுல கிட்டார் என்ன பண்ணுதுன்னே கேக்கல லா. ஒரே விசிலு. அந்த எடத்துல நாங்களும் விசில் அடிச்சா மார்க் போடுவானா?"

'ரெட் ஸ்கூட்டர்' என்று அச்சிட்ட தட்டை எடுத்துப் போட்டேன். தாலாட்டு மாதிரி ஒன்று வந்தது.

"இது ஸ்கூட்டரா? மாட்டு வண்டிண்ணே!"

அவன் டேப்பைக் கொடுத்துவிட்டுப் போனதும் தட்டைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கத்தின் பெயர் 'தி லாஸ்ட் ஃபெர்ரி'. அதுவும் மெல்ல அசைந்தது. தூக்கினேன். பிறகு வியாழன் முழுக்க, கடையிலிருந்த கிட்டார் தட்டு ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம். எதுவும் சேரவில்லை.

வெள்ளிக்கிழமை பாய் தெங்கேரா பள்ளிவாசலுக்கு ஜும்மா தொழப் போயிருந்தார். முருகையா அரை நாள் லீவு போட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். பெயர் இருப்பது அந்த ஒரு தட்டில்தானே என்று அதையே மறுபடி எடுத்து, 'ஃபெர்ரி' பக்கத்தை ஓடவிட்டு, கிளேபாங்குக்குப் போகும் பார்சலைக் கட்ட உட்கார்ந்தேன். ஊசியைத் தூக்கும் நேரம் வந்தபோது என் இரண்டு கைகளும் சணல் முடிச்சுக்குள் இருந்தன.

தட்டு அசைந்து அசைந்து போயிற்று. சட்டென்று டிரம் இடித்தது. கிட்டார் பாய்ந்தது.

"அண்ணே! இதான்! தூக்காதீங்க!"

டேப்பையும் தட்டையும் மாறி மாறிக் கேட்டோம். மேடையில் வேகம் அதிகம். ஆடவந்தவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று மெதுவான தொடக்கத்தையும் வெட்டியிருந்தார்கள். ஆனால் மூன்றாவது சுற்றில் கிட்டார் தாளத்தில் ஓர் அடி தாமதமாக நுழைகிறது, டேப்பிலும் தட்டிலும். மேடைத் தடுமாற்றம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். ஸ்டுடியோவில் நிதானமாக உட்கார்ந்தும் அப்படியேதான் வாசித்திருந்தார்கள். தட்டுக்குத்தான் லேபிள் பக்கம் மாறி ஒட்டியிருந்தது.

பாய் திரும்பி வந்தபோதும் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. "என்ன தம்பி, அரை நிமிசம்னேனே?" என்றவர், கடைசிவரை நின்று கேட்டார். "இதுக்குள்ள இவ்ளோ இருக்கா?" என்றார். அடுத்த நாளிலிருந்து ஒன்றரை நிமிடம்.

போட்டியில் முருகையா குழுவுக்கு இரண்டாம் பரிசு. மூன்றாவது சுற்றில் கிட்டார் தாமதமாக நுழைந்ததற்காக நடுவர் மார்க்கைக் குறைத்துவிட்டார். "அவரு ஃபுல்லா கேட்டதில்ல போலண்ணே" என்று சிரித்தான்.

நான் மூன்று நாள் சளைக்காமல் தேடிக் கொடுத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். புதன்கிழமையே அது என் கையில் இருந்ததையும், பாட்டு தொடங்கப் பத்து நொடி இருக்கையில் நானே ஊசியைத் தூக்கியதையும் அவனிடம் சொல்லவில்லை. வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் சொல்கிறேன்.