ஏழு என்று எழுதிய பக்கம்

தார்நாகா ஆய்வகத்தில் எனக்கு வேலை வைக்கோலைச் சர்க்கரையாக்குவது. மாட்டுத் தீவனத்திலிருந்தா என்று கேட்டுச் சிரிக்காத உறவினர் இல்லை. நறுக்கிய வைக்கோலைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் அதன் விறைப்பு கரைந்து கறுப்புச் சாறாக இறங்கிவிடும். பிறகு அலசி அலசிக் காரத்தைப் போக்க வேண்டும். அலசிய நீரில் நனைத்த pH காகிதம் ஏழு என்று காட்டினால் அது வெறும் தண்ணீருக்குச் சமம். அந்தக் காகிதத்தை நோட்டில் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒட்டுவது எங்கள் வழக்கம். அதன் பிறகே பிழிவோம்.

ஒரு மாலை, போலாரம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். ஆறு முறை அலசியாயிற்று, போதாதா என்று காகிதம் போடாமலே ஏழு என்று எழுதிவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலை அதைப் பிழிந்தவர் எங்கள் உதவியாளர். சனத்நகரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் அந்த ஊர் உருது கலந்திருக்கும். எனக்கு மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வைக்கோலின் நடுவில் தங்கியிருந்த காரம் தெறித்து அவருடைய இடது கண்ணில் விழுந்தது. எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை. ஒரு காகிதத்தைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து நோட்டில் ஒட்டினேன். கை நடுங்கவே இல்லை. அதுதான் இன்றுவரை என்னைப் பயமுறுத்துகிறது.

விசாரணையில் நோட்டைப் பார்த்தார்கள். வைக்கோல் சுத்தம், இவர்தான் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வேறெங்கோ காஸ்டிக்கைத் தொட்டிருக்கிறார் என்று முடித்தார்கள். அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். கண் போனது போனதுதான்.

அதன் பிறகும் பல வருடங்கள் அதே அறையில் இருந்தோம். இடப்பக்கம் யாராவது நின்றால் முழுத் தலையையும் திருப்பித்தான் பார்ப்பார். அதற்குப் பயந்தே நான் அவருக்கு வலப்பக்கமாக நடந்தேன். வீட்டில் அரிசி களையும்போதும் இன்னும் ஒரு தண்ணீர், இன்னும் ஒரு தண்ணீர் என்று கை நிற்காது. சோற்றில் ருசியே இல்லை என்று கணவர் முணுமுணுப்பார். அவரிடமும் நான் சொன்னதில்லை.

போன மாதம் அண்ணா ஓய்வுபெற்றார். மாலையும் சால்வையுமாக நின்றவரைத் தனியே அழைத்துப் போனேன்.

"அண்ணா, அன்னிக்கு நான் பேப்பர் போட்டுப் பார்க்கலை. அப்புறமாத்தான் ஒட்டினேன்."

"நக்கோ மேடம், வேண்டாம். இப்ப கைக்கு, எதுக்கு அதெல்லாம்?"

"உங்களுக்குத் தெரியணும்."

முழுத் தலையையும் திருப்பி என்னைப் பார்த்தார்.

"தெரியும் மேடம். பிழியறதுக்கு முன்னால நோட்டைப் பார்த்தேன். ஏழுன்னு இருந்துச்சு, பேப்பர் இல்லை. நானே ஒண்ணு போட்டுப் பார்த்திருக்கலாம். மேடம் எழுதினா சரியாத்தான் இருக்கும்னு கண்ணாடியைக் கழட்டி வெச்சேன்."