லெட்டர் போடக் கூடாத ஆராய்ச்சி

இன்று வாலாஜாபாத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ரிட்டையர்டு புரொபசர், பக்கத்தில் அவர் பேரன். புரொபசர் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

பேரன் ஆராய்ச்சிக்கு அமெரிக்கா போகிறானாம். ஆராய்ச்சி விவரம் இருக்கும் லேப்டாப்பை எடுத்துப்போகக் கூடாது, வெளியாரிடம் எதையும் சொல்லக் கூடாது என்று காலேஜில் வகுப்பே எடுத்தார்களாம்.

"வூட்டுக்கு லெட்டர் போடலாமா கண்ணு?" என்றேன்.

"இன்னா ஆயா, வூட்டாண்ட பேசறதுக்கு யாரு தடை போடுவாங்க?" என்று சிரித்தான்.

புரொபசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறுபதுகளில், என் தங்கச்சியோடு நிச்சயம் முடிந்த கையோடு இவரும் ஆராய்ச்சிக்குத்தான் சீமைக்குப் போனார். "ரகசிய வேலை. லெட்டர் போட்டா கவர்மெண்டு என்னை உள்ள தள்ளிடும்" என்றார். அவள் நம்பினாள். வந்த வரனையெல்லாம் விரட்டினாள். இவர் அங்கே படித்த ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தங்கச்சி கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாமலே செத்தாள்.

பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்: "உங்க தாத்தாவுக்கு மட்டும் லெட்டர் போடத் தடை இருந்துச்சுடா. இன்னா தடைன்னு கேளு."

"யாருக்கு லெட்டர், தாத்தா?"

என் ஸ்டாப் வந்தது. நான் இறங்கவில்லை. உத்திரமேரூர் வரை டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.

நீங்களாக இருந்தால் இறங்கியிருப்பீர்களா?