ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த இரத்தம்

பலாபத்வலயில் மத்தியான வெயில் கூரைத் தகரத்தைச் சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் கம்பளி கேட்டார். ஒன்றைப் போர்த்தினேன். இன்னொன்று கேட்டார். பல்லோடு பல் அடித்தது. எங்களுக்கு அப்படித்தான் தொடங்கியது.

அவர் கலேவெலையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் சின்ன லொறி ஓட்டுபவர். மூன்று நாளுக்கு முன் லொறியின் பின்கதவு வலது காலைக் கிழித்திருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். நான் எதற்கும் பயப்படுகிறவள். காயத்தை டொக்டரிடம் காட்டுங்கள் என்று மூன்று நாளும் அவர் பின்னாலேயே திரிந்தேன்.

"நீ பயப்படுறதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்கயே எனக்கு ஒரு கட்டில நிரந்தரமாப் போட்டுத் தந்துடுவாங்க" என்றார்.

கம்பளி கேட்ட அன்று கால் முழங்கால்வரை சிவந்து மினுங்கியது. திரீவீல் ஆட்டோவில் ஏற்றும்போது என்னை அவருடைய அக்கா என்று நினைத்துப் பேசினார். அக்கா செத்துப் பத்து வருஷம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இதையெல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி என்று நானே கேட்டுக்கொண்டேன். ஆனால் இன்றைக்கும் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வாட்டு வாசலில், கையில் ஒரு துண்டுச் சீட்டோடு நீங்கள் உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. குறை சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. குறை என்னிடம்தான்.

மறுநாள் காலையில் சின்ன டொக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இளம் பெண். என் வீட்டுக்காரருக்கு வந்திருப்பது செப்சிஸ் (கிருமியை எதிர்க்கப்போய் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை) என்றார். பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. சிறுநீர் வரவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு நிறைந்திருந்தது. கண்டியில் ஒரு கட்டில் இருந்தது.

"அனுப்பலாமா, அம்புலன்ஸ்ல தாங்குவாரான்னு பார்க்கணும். அதுக்கு ஒரு ரத்தச் சோதனை இருக்கு. லாக்டேட்னு சொல்லுவோம்."

லாக்டேட் (உறுப்புகளுக்குப் பிராணவாயு போதாதபோது இரத்தத்தில் கூடும் பொருள்) ஏற ஏற ஆபத்தும் ஏறும், இறங்கினால் நம்பலாம் என்று விளக்கினார். அன்று ஆஸ்பத்திரி மெசினில் அதைச் செய்ய முடியவில்லை. டவுனில் இருக்கும் தனியார் லேப்புக்கு நாங்களே கொண்டுபோக வேண்டும். இது இங்கே வழக்கம்தான். வாட்டில் இருக்கும் பாதிப் பேரின் சொந்தக்காரர்கள் ஏதாவது ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

மிஸ்ஸி (தாதி) ஒரு சின்ன ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டியில் ஐஸ் நிரப்பி, இரத்தக் குழாயை அதற்குள் புதைத்தார்.

"ஐஸ்ல இருந்து எடுக்கக் கூடாது. வழியில நிக்க வேணாம். நேரா லேப்புக்கு. வெளங்கிச்சா?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது.

திரீவீல்காரர் என் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"என்னக்கா, ஐஸ்கிரீமா? உருகி ஓடிரப் போகுது."

"இல்ல தம்பி. ரத்தம்."

அவர் வண்டியில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டார். தண்ணீர்க் குழாய் பதிக்க வீதியைத் தோண்டியிருந்தார்கள். வாகனங்கள் அசையவில்லை.

அன்று காலையில் என் வீட்டுக்காரரின் கையையும் காலையும் தொட்டுப் பார்த்திருந்தேன். ஈரத் துணிபோலக் குளிர்ந்து கிடந்தன. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் சூடு வரவில்லை. இப்போது அவருடைய இரத்தத்தையும் ஐஸில் புதைத்து மடியில் வைத்திருக்கிறேன். அதை என்னால் தாங்க முடியவில்லை. மூடியைத் திறந்து குழாயை எடுத்தேன். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அது என் கைச் சூட்டுக்கு வந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த இரண்டு நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான்.

முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தேன். லேப் வாசலில் இறங்கும்போதுதான் பயம் வந்து, குழாயைத் திரும்ப ஐஸில் சொருகினேன்.

"ஐஸ்லயே வச்சுத்தானே கொண்டுவந்தீங்க?" என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

இரண்டுக்குள் இருக்க வேண்டிய லாக்டேட் ஏழுக்கு மேல் என்று ரிப்போட் வந்தது. சின்ன டொக்டர் அதைப் பெரிய டொக்டரிடம் கொண்டுபோனார். வெளியே வந்து, இந்த நிலையில் ஏற்றினால் வழியிலேயே எதுவும் ஆகலாம், சேலைனும் மருந்தும் கொடுத்துச் சாயந்தரம் திரும்பச் சோதித்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சொந்தக்காரங்க யாராவது தூரத்துல இருந்தா, வரச் சொல்றது நல்லது" என்றார்.

"ஐஸ்ல இல்லாட்டி என்ன ஆகும் டொக்டர்?" என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏசுவார்கள் என்று பயந்தேன். என்னால்தான் என்று ஆகிவிடும் என்று பயந்தேன். வாயைத் திறக்காமல் இருந்தால் அது நடக்காததுபோல ஆகிவிடும் என்றும் ஒரு நினைப்பு. வாசலில் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன்.

என் கொழுந்தன் சிவா பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்காகப் போன் எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஆமா மாமா, நம்பர் கூடிப்போச்சாம். வந்து முகத்தப் பாத்துட்டுப் போங்க. வேன் புடிச்சா பின்னாடி சீட்ல அத்தையையும் ஏத்திக்குங்க."

பிறகு என் பக்கம் குனிந்தான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அண்ணனோட நல்ல படம் ஒன்னு போன்ல இருக்கா? தனியா நிக்கிறது. மீசை தெளிவா இருந்தா நல்லம்."

எதற்கு என்று எனக்குத் தெரியும். வீதியோரச் சுவர்களில் மரண அறிவித்தலில் ஒட்டுகிற படம். அவன் கெட்டவன் இல்லை. ஏதாவது வேலை செய்யாவிட்டால் அழுதுவிடுவான், அவ்வளவுதான். நான் போனை எடுத்துப் படங்களைத் தள்ளிப் பார்க்கவும் தொடங்கிவிட்டேன். லொறிக்கு முன்னால் நின்று சிரிக்கிற ஒரு படத்தில் விரல் நின்றது. எழுந்து டொக்டரிடம் போனேன். ரிப்போட் கொடுத்து ஒரு மணி நேரம் கழிந்திருந்தது.

"டொக்டர், அந்த ரத்தத்த நான் ஐஸ்ல கொண்டுபோகல."

"என்னம்மா சொல்றீங்க?"

"வெளிய எடுத்து கைக்குள்ள வச்சிருந்தேன். முக்கால் மணி நேரம்."

"ஏன்?"

"குளிரும்னு நெனச்சேன்."

அவர் ஏசவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உடம்பைவிட்டு எடுத்த பிறகும் இரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை விட்டுக்கொண்டே இருக்கும், ஐஸ்தான் அதை மந்தமாக்கும் என்று நடந்துகொண்டே சொன்னார். புதிதாக இரத்தம் எடுத்தார்கள். இந்த முறை பெட்டியை என் கையில் தரவில்லை. ஓர் ஊழியர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனார்.

புது ரிப்போட்டில் எண் ஐந்துக்குச் சற்று மேல்தான்; அம்புலன்சில் தாங்குவார் என்றார்கள். கண்டியில் அந்தக் கட்டில் இன்னும் காலியாக இருந்தது. அம்புலன்சில் ஏற்றினார்கள்.

முதலில் வந்தது எவ்வளவு பொய், இரண்டாவது எவ்வளவு மருந்தால் இறங்கியது என்று பின்னால் கேட்டேன். பிரிக்க முடியாது என்றார்கள். ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள் என்றும் சொன்னார்கள். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இன்னொன்றையும் சொல்கிறேன். தவறு செய்துவிட்டால் அந்த நிமிஷமே சொல்லுங்கள். ஏச்சு வாங்கினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் கண் திறந்தார். புண் வந்தது வலது காலில். போனது இடது காலின் மூன்று விரல்கள். பிரஷரை ஏற்றும் மருந்து கொடுத்த நாட்களில் இரத்தம் கடைசிவரை எட்டாமல், அந்த நல்ல காலின் விரல்கள் கறுத்துப்போயின. நான் பேசாமல் இருந்த நேரத்தாலா என்று கண்டி டொக்டரிடம் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

எட்டு மாதம் இதை என் வீட்டுக்காரரிடம் மறைத்தேன். கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம், கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று அளந்துகொண்டே இருந்தேன். சோறு வேக அரை மணி. கலேவெலைக்கு பஸ்ஸில் ஒரு மணிக்கு மேல். அதற்குள் ஒரு விரல் கறுக்குமா?

போன மாதம் அவருடைய காலைக் கழுவித் துடைக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காலை இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை.

"எனக்கு அந்த நாலு நாளே இல்ல. திரீவீல்ல ஏறினது, கண்டியில கண்ணு முழிச்சது. நடுவுல ஒன்னுமே இல்ல. அதுல ஒரு மணி நேரத்துக்கு நான் என்னன்னு கோவப்படுறது?"

நான் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார்.

"அந்த நேரத்துல நான் எப்படி இருந்தேன்?"

துணியைப் பிழிந்தேன். அன்று முதல் ரிப்போட்டைப் பார்த்த பிறகு, உள்ளே போய் அவர் பக்கத்தில் நிற்கச் சொல்லி டொக்டர் எனக்கு அனுமதி தந்திருந்தார். கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் போகவில்லை.

"தெரியாது. நான் உள்ள வரல" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அந்த ஒரு மணி நேரம் அவருடைய உடம்பு அங்கே கிடந்து போராடியிருக்கிறது. மிஸ்ஸிமார் பார்த்திருப்பார்கள். எங்கள் இருவரிடமும் அந்த நேரம் இல்லை.