மைக்கில் சொன்ன ஒரு பெயர்

மீனவர் நவ்பரின் மகள் சஜ்னா மவுத்தாகிவிட்டாள் என்று ஊர் கேள்விப்பட்ட காலையில், நான் ஒன்பதாம் தரத்துக்குப் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை மவுத்தாகவில்லை, உயிரோடுதான் இருந்தாள். வாசிக்கிறவர்கள் வீணாகக் கவலைப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று எங்களுக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

மாணவர் வரவுப் பொறுப்பைப் புதிதாக எடுக்கும் இளம் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓய்வு பெறும்வரை நான் மாம்புரிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணித ஆசிரியர். வரவுக்கும் நான்தான் பொறுப்பு. தில்லையடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வருவேன். வரவுக்குப் பொறுப்பு என்றால், வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவது. தேத்தண்ணி தராமல் எந்த வீட்டிலும் அனுப்பமாட்டார்கள். காரணத்தை மட்டும் தரமாட்டார்கள். கேட்டால் காய்ச்சல் என்பார்கள். காய்ச்சல்காரன் முற்றத்தில் கிரிக்கெட் அடித்துக்கொண்டிருப்பான்.

1. காய்ச்சல்

சஜ்னா அப்போது தரம் பத்து. பலகையில் நான் விடும் பிழையை எல்லோர் முன்னாலும் சொல்லாமல், பாடம் முடிந்தபின் தனியாக வந்து சொல்லும் பிள்ளை. அடுத்த வருஷம் சாதாரண தரப் பொதுப் பரீட்சை. தாய் ஸரீனா குவைத்தில் வீட்டு வேலை. மூன்று வயதில் ஒரு தம்பி. தகப்பன் நவ்பர் கடலுக்குப் போகிறவர்.

திடீரென்று பிள்ளை வரவில்லை. நான் போனேன். நவ்பர் வாசலில் கதிரை போட்டார்.

"காய்ச்சல் சேர். உட்டு உட்டு வருது."

"மருந்தெடுத்தீங்களா?"

"எடுத்த, எடுத்த."

அவருக்குப் பின்னால் குசினியில் சஜ்னா ஒரு கையால் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுகையால் கறி துழாவிக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அடுத்த கிழமையும் போனேன், அப்போதும் காய்ச்சல்தான். அதற்கடுத்த முறை போனபோது அந்த மனிதருக்கே பொய் சலித்துவிட்டது.

"உள்ளதச் சொல்றன் சேர். சின்னவன என்ட தங்கச்சிதான் பாத்த. அவ கலியாணம் முடிச்சு வண்ணாத்திவில்லுக்குப் போயிட்டா. நான் விடியச் சுபஹுக்கு முந்திக் கடலுக்குப் போனா பகல் லுஹருக்குத்தான் வாற. இவன ஆரு பாக்குற?"

"மனிசிக்குத் தெரியுமா?"

"அவவுக்குச் சொல்லிராதீங்க சேர். அவ போனதே இவள்ட படிப்புக்குத்தான். ஒவ்வொரு ராவும் கேப்பா. போய்ட்டு வந்தாள் எண்டு சொல்லுவன்." பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த தவணையோட பேர வெட்டிருங்க சேர். புத்தகத்தையும் கொண்டு போங்க, வேற புள்ளைக்கு உதவும்."

சஜ்னா புத்தகங்களைக் கட்டாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கணிதப் புத்தகம் அதில் இல்லை. புத்தகங்களைத் தொடாமல் எழும்பி வந்துவிட்டேன்.

2. குழு கூடியது

எங்கள் வரவுக் குழுவில் பாடசாலை அதிபர், நான், பள்ளிவாசல் செயலாளர் ஜப்பார் ஹாஜியார் என்று மூன்று பேர். ஹாஜியார் ஹார்ட்வெயார் கடைக்காரர். எந்தப் பிரச்சினையையும் ஆணியடித்து முடித்துவிடலாம் என்று நம்புகிறவர்.

"என்ன சேர் நீங்க வீடு வீடா ஏறி இறங்குறீங்க? பேரப் பள்ளிவாசல் மைக்ல சொல்லுவம். வெக்கத்துல அடுத்த நாளே வருவாங்க."

"வெக்கப்பட வேண்டிய ஆள் புள்ளையா ஹாஜியார்?" என்றேன்.

"தாய் தகப்பன் வெக்கப்படட்டும்."

வலயக் கல்வி அலுவலகம் வரவில் என்ன முன்னேற்றம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அதிபரைக் கேட்டுக்கொண்டிருந்தது. "ட்ரை பண்ணிப் பாப்பம்" என்று அவர் சொல்லிவிட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததோடு சரி. மூன்று பேரும் அந்த மைக்கை வருஷக்கணக்காகக் கேட்டவர்கள். அடுத்து நடக்கப்போவது ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை.

3. அறிவித்தல்

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் எங்கள் மோதினாருக்கு அறிவித்தல் சொல்ல ஒரே ஒரு குரல்தான். மவுத்துச் செய்தி, ஜனாஸா என்று அறிவித்து அறிவித்து அந்தக் குரல் அப்படியே படிந்துவிட்டது. காணாமல் போன ஆட்டைப் பற்றிச் சொன்னாலும் கேட்கிறவருக்கு ஒருதரம் நெஞ்சு பதறும். அன்று காலை அவர் தொடங்கினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஓர் அறிவித்தல். கடற்கரை வீதியில் வசிக்கும் நவ்பர், ஸரீனா ஆகியோரின் அன்பு மகள் பாத்திமா சஜ்னா..."

கரன்ட் போய்விட்டது.

"அன்பு மகள்" என்று ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. அது அவர் வாயில் பழக்கத்தில் வந்தது. மிச்ச வசனம், "ஒரு மாதத்துக்கு மேலாகப் பாடசாலைக்கு வரவில்லை" என்பது. அதை மோதினார் செத்த மைக்கின் முன்னால் நின்று முழுவதும் வாசித்து முடித்தாராம். கேட்டது அவர் மட்டும்தான்.

வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், சஜ்னா ராத்தா மவுத்தா?" என்றாள். பின்வரிசையில் அழுகை தொடங்கிவிட்டது. நான் விஷயத்தை விளக்கினேன், ஒருவரும் நம்பவில்லை. சோக்கட்டியைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

நான் போய்ச் சேரும்போது வீட்டு முற்றம் நிறைந்திருந்தது. பக்கத்து வீட்டு ஹபீபா ராத்தா வேலியைப் பிரித்துக்கொண்டு வந்திருந்தார். சஜ்னா சட்டி கழுவிக்கொண்டிருந்ததைக் கண்ணால் கண்டபிறகும், பிடித்த அழுகையை நிறுத்த அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டே அழுதார். மையவாடியில் குழி வெட்டும் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து, கபுறு பெரிதா சிறிதா என்று கேட்டார்கள். "ஆருக்கு?" என்று கேட்டாள் சஜ்னா. அவர்கள் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார்கள்.

பிறகு நவ்பர் வந்தார். அன்று அவருடைய தோணி நேரத்தோடு கரைக்கு வந்திருக்கிறது. கரையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நனைந்த சாரத்தோடு கடற்கரையிலிருந்து ஓடிவந்து முற்றத்து மணலில் விழுந்தார். எழும்ப முடியாமல் தவழ்ந்து வந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டார். "என்ட புள்ள, என்ட புள்ள" என்பதைத் தவிர வேறு கதை வரவில்லை. நான் அழுதேன். ஹாஜியாரும் வந்திருந்தார், அவரும் அழுதார்.

4. குவைத்

அதற்குள் செய்தி வட்ஸ்அப்பில் குவைத்துக்குப் போய்விட்டது. ஹபீபா ராத்தாவின் போன் அடித்தது. வீடியோவில் ஸரீனா. முகம் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். "என்ட புள்ளையக் காட்டுங்க, ஒருக்கா முகத்தக் காட்டுங்க!" போன் கைமாறிக் கைமாறிச் சஜ்னாவிடம் போனது.

"உம்மா, நான் மவுத்தாகல்ல. ஸ்கூலுக்குப் போகல்ல, அவ்வளவுதான்."

ஸரீனா மூச்சு வாங்குவது கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் முதலில். பிறகு, "எத்தின நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல. தம்பியப் பாக்க ஆள் இல்ல."

"வாப்பா ஒவ்வொரு ராவும் சொன்னாரே, போய்ட்டு வந்தாள் எண்டு?"

நவ்பர் மகளின் காலை விட்டார்.

"இங்க நான் ஆர்டயோ புள்ளைக்கு விடிய எழும்பித் தல சீவி, சப்பாத்துப் போட்டு ஸ்கூலுக்கு அனுப்புறன். என்ட புள்ள அங்க அடுப்படியில நிக்கிறாளா?" என்றார் ஸரீனா. "போதும். நான் வாறன். எனக்கு இந்த வேல வேணாம்."

அவர் வந்துவிட்டால் வீடு எதில் ஓடும் என்று அங்கு நின்ற எல்லோருக்கும் தெரியும். வராவிட்டால் சஜ்னாவின் படிப்பு முடிந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று இன்றுவரை தெரியாது.

"அடக்க வந்தீங்களே இவ்வளவு பேர்" என்று பலமாகச் சொன்னேன். "காலையில ஏழரையில இருந்து ஒண்டரை வரைக்கும் இந்தச் சின்னவன வச்சிருக்க ஒராள் இல்லையா?"

ஹபீபா ராத்தா மூக்கைத் துடைத்தார். என்னைத்தான் முறைத்தார்.

"ஏன் சேர் சத்தம் போடுறீங்க? மூணு தரம் வந்தீங்களே, வேலிக்கு இஞ்சால இருந்து பாத்துட்டுத்தான் இருந்தன். ஒருதரம் என்னட்டக் கேட்டீங்களா? கேட்டிருந்தா நான் பாத்திருப்பேனே."

"நவ்பர் கேட்டிருக்கலாமே."

"அவர் எப்பிடிக் கேப்பார்? கேட்டா ஸரீனாட காதுக்குப் போயிரும் எண்ட பயம்." சொல்லிக்கொண்டே சின்னவனைச் சஜ்னாவின் இடுப்பிலிருந்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு ஸ்கூலுக்குப் போ புள்ள."

போனிலிருந்து ஸரீனா சொன்னார்: "ராத்தா, அல்லா உங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும். சேர், நீங்க நிக்கிறீங்களா? இனி இவர்ட கதைய நம்பமாட்டன். புள்ள வந்தாளா இல்லையா எண்டு ஒவ்வொரு நாளும் நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

நான் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது ஹாஜியார் என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா சேர், மைக் வேல செஞ்சிட்டு." பட்டியலில் மிச்சமிருந்த பெயர்களை வாசிக்க மோதினார் மறுத்துவிட்டார்.

5. வொய்ஸ்

மறுநாள் சஜ்னா வந்தாள். ஒவ்வொரு காலையும் வரவு இடாப்பு அடையாளமிட்டு முடித்ததும் ஸ்டாஃப் ரூமிலிருந்து குவைத்துக்கு வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் அனுப்புவேன். "தங்கச்சி, சஜ்னா வந்திருக்கா." அவ்வளவுதான். மழை என்றாலும் அனுப்பினேன். ஒருநாள் உண்மையிலேயே காய்ச்சல் வந்தது, அதையும் அனுப்பினேன். பதில் எப்போதும் ஒரு பெருவிரல் படம்தான் வரும்.

இளம் ஆசிரியர்களே, நான் கற்றது இவ்வளவுதான். வராத பிள்ளையின் வீட்டில் ஏன் வரவில்லை என்று கேட்டால் காய்ச்சல் என்றுதான் சொல்வார்கள். வருவதற்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அந்த வீட்டில் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள், பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். ஊரில் மனசுள்ள ஆட்கள் இருக்கிறார்கள். யாராவது கேட்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த வருஷம், சாதாரண தரப் பரீட்சையின் கடைசிப் பேப்பர் அன்று, "சஜ்னா வந்திருக்கா. இண்டையோட பரீட்சை முடியுது. இனி நான் வொய்ஸ் அனுப்பத் தேவையில்ல தங்கச்சி" என்று அனுப்பினேன். அன்றுதான் முதன்முதலாக ஸரீனாவின் குரல் பதிலாக வந்தது.

"சேர், இங்க இன்னும் விடியல்ல. உங்கட சத்தம் கேட்டாத்தான் நான் ஒவ்வொரு நாளும் எழும்புற. இல்லாட்டி இந்த வேலைக்கு எழும்ப எனக்கு மனசு வராது. நாளைக்கும் ஒண்டு அனுப்புங்க சேர்."

அடுத்த நாள் பாடசாலை இல்லை. வழமையான நேரத்துக்கு எழும்பி, போனை எடுத்தேன்.

"இண்டைக்கு லீவு தங்கச்சி. புள்ள நல்ல நித்திரையா இருப்பா. நீங்க எழும்புங்க."