துடைத்துக் கொடுத்த விதை

மழையில் சரியாகக் காயாத போஞ்சி (பீன்ஸ்) விதையைப் பால்மா டின்னில் அடைத்து வைத்திருந்தேன். திறந்தால் வெள்ளையாகப் பூஞ்சணம். துணியால் துடைத்து, பாதியை எங்கள் தோட்டத் தொழிலாளர் லய வரிசையில் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவுக்குக் கொடுத்தேன். பூஞ்சணத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அக்காவின் நாற்றுகள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தன. "ஒங்களுக்குக் கைராசி இல்லக்கா" என்று கேலி செய்தேன்.

மறுவாரம் என் நாற்றுகளும் அப்படியே சாய்ந்தன. நான் துடைத்தது கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும்தான். மிச்சம் விதைக்குள்ளேயே இருந்திருக்கிறது. போய் உண்மையைச் சொன்னேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அடுப்புக்கு மேலே காயவைத்திருந்த விதையை அள்ளித் தந்தார். "இந்தா, கைராசி இல்லாதவ குடுக்கிறேன். போட்டுப் பாரு."

இப்போது என் கொடி நிறையக் காய். பார்ப்பவர்களிடமெல்லாம், "இவளுக்குத்தாங்க கைராசி" என்கிறார் அக்கா. எனக்குத் தலை நிமிரவில்லை; சிரிப்பும் அடங்கவில்லை.