அமெரிக்காவுக்குப் போகாத இறால்

என் அக்கா புருஷன் துலுக்காணம் எதையும் நம்பாத மனிதர். டீக்கடையில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பார். பஸ் கண்டக்டர் சீட்டுக் கொடுத்தால், அதைப் படித்துச் சொல்லச் சொல்லி என் உயிரை வாங்குவார். பழவேற்காட்டு ஏரியில் பல வருஷம் அவரோடு ஒரே படகில் போனவன் நான். என் பொறுமைக்கு ஊர் கூடி மாலை போட்டிருக்க வேண்டும்.

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது, அமெரிக்கப் போர்க்கப்பல் நம் கடலுக்கு வருவதாக ரேடியோ சொன்னது. எங்கள் குப்பத்துத் தலைவர் சடையப்பன் கோயில் வாசலில் ஊரைக் கூட்டினார்.

"நாம்ப புடிக்கிற எறா ஐஸ் பொட்டில ஏறி அவன் ஊருக்குத்தான் போவுது. நம்ம மேல கப்பல் அனுப்பறவனுக்கு எறா இன்னாத்துக்கு? இனிமே ஏஜெண்டுக்கு ஒண்ணுகூட தரக்கூடாது. மீஞ்சூரு மார்க்கெட்டுல நம்ம ஜனத்துக்கு வித்துக்கலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஏற்றுமதிக் கம்பெனிக்கு இறால் வாங்கும் ஏஜெண்ட் கோபால்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். மச்சான் என் விலாவில் இடித்தார்.

"பொழப்பு போறவன் கை தட்றான் பாத்தியா? இதுல இன்னாவோ கீது."

எங்கள் ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. நல்ல இடத்துக்குப் பாடு என்று முறை உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். முறை வரும்போது வலை இல்லாமல் நின்றால், பாடு அடுத்தவனுக்குப் போய்விடும். மச்சானின் வலையோ நைந்து தொங்கியது. இந்தப் பாட்டில் விழும் இறாலை நல்ல விலைக்கு விற்றுப் புது வலை வாங்காவிட்டால், அடுத்த முறை கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அவர் முறை மறுநாள். சடையப்பனின் முறை அன்று காலையில்தான் முடிந்திருந்தது.

"உங்க எறாவ வித்தப்புறம், என் மொறைக்கித்தான் தேசபக்தி வந்துச்சா நைனா?" என்று கூட்டத்திலேயே கேட்டுவிட்டார்.

சடையப்பன் வாயைத் திறப்பதற்குள், மச்சானைப் பார்த்து "துரோகி!" என்று யாரோ கத்தினார்கள். எனக்கு மானமே போயிற்று.

மறுநாள் ஏரி வஞ்சனையில்லாமல் கொடுத்தது. கூடைகளை மீஞ்சூருக்குக் கொண்டுபோனோம். இதே முடிவெடுத்த சுற்றுவட்டக் குப்பமெல்லாம் அங்கே கூடை வைத்து உட்கார்ந்திருந்தது, இறாலைச் சீந்துவாரில்லை. கடைசியில் ஒரு லுங்கிக்காரன் வந்து அடிமாட்டு விலைக்கு அள்ளினான்.

"பெருசு பெருசா பொறுக்கறான் பாரு. ஊட்டுக் கொழம்புக்கா இது?" என்று மச்சான் அவன் பின்னாலேயே போனார். நானும் ஓடினேன்.

ரயில் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் கோபாலின் ஐஸ் லாரி நின்றது. எங்கள் இறால் ஐஸ் பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான் கோபாலின் சட்டையைப் பிடித்தார்.

"கைய எடு. நீங்க எனக்குத் தரல. நான் மார்க்கெட்டுல வாங்கனேன். இதுல இன்னா தப்பு?" என்றான் அவன், சிரித்தபடி.

அமெரிக்காக்காரன் தட்டில் ஓர் இறால் குறையவில்லை. குறைந்தது எங்கள் விலைதான்.

"அந்தச் சடையப்பனுக்கும் இதுல பங்கு கீது. இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று மச்சான் பல்லைக் கடித்தார். ஊர் திரும்பியதும் நேரே சடையப்பன் வீட்டுக்குப் போனோம்.

பின்பக்க மணலில் அவர் மனைவி கங்கம்மா இறாலுக்கு உப்புப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முந்தின நாள் பாட்டில் விழுந்தது. அத்தனை பெரிய இறாலைக் கருவாடாக்க யாருக்கய்யா மனசு வரும்?

"ஏஜெண்டு வந்து கேட்டான். முடியாதுன்னு தொரத்திட்டாரு மவராசன்" என்றாள் வெடுக்கென்று.

உள்ளேயிருந்து சடையப்பன் தன் வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

"உன் வல நைஞ்சிபோச்சின்னு தெரியும்பா. மீஞ்சூர்ல கெடைச்ச டப்புக்குப் புதுசு வராது. அடுத்த மொறைக்கி என்னுத எடுத்துக்கினு போ. பாடு தப்பிடப் போவுது."

சடையப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீ மனசுல பட்டத சொல்ற ஆளு. சொல்லு துலுக்காணம், நாம்ப பண்ணதுல அந்த அமெரிக்காக்காரனுக்கு அடி பட்டிருக்குமா?"

நான் வாயைத் திறந்தேன். மச்சான் என் காலை மிதித்தார்.

"பட்டிருக்கும் நைனா. நல்லாவே பட்டிருக்கும்."

வலையை வாங்கி அங்கேயே மணலில் உட்கார்ந்து, கண்ணி கண்ணியாகப் பிரித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.